கூடப் போறவன்

மலைநகரமான எல்லவின் ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு செய்தியைப் பரப்ப வேண்டுமென்றால் தினேஸிடம் அதை இரகசியம் என்று சொன்னால் போதும். ஜனகன் அந்தத் தவறைத்தான் செய்தான். மனைவி நிரோஜாவுக்கு மலேசியாவுக்குப் போக வீசா வந்துவிட்டது, அவளோடு சேர்த்துத் தனக்கும் வந்துவிட்டது என்று முதல்நாள் பின்னேரம் அவனிடம் வாய் தவறிச் சொல்லியிருந்தான். மறுநாள் காலை வரிசையின் கடைசியில் ஆட்டோவை நிறுத்திவிட்டு இறங்குவதற்குள் கந்தப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து நின்றார்.

"வாங்க, வாங்க! கோலாலம்பூர் மாப்பிள்ள வாங்க!"

ஸ்டாண்டில் மூத்தவர் அவர்தான். அவர் சிரித்தால் மற்றவர்களும் சிரிப்பார்கள்.

"என்னா வேலைக்குத் தம்பி போறீங்க? கடையா, கம்பெனியா?"

"வேலைக்கு இல்லண்ணே. வேலை நிரோஜாவுக்கு. இங்க இருந்து கம்ப்யூட்டர்ல செய்ற அதே வேலையத்தான் அங்க போயி இருந்து செய்யப் போறா. அப்படிச் செய்றவங்களுக்குன்னே ஒரு வீசா குடுக்குறாங்க. நான் அவ கூடப் போறேன்."

"கூடப் போயி?"

"கூடப் போயி... இருப்பேன்."

"அதான் கேக்குறேன். இருந்து என்னா செய்வீங்க? சோறாக்கிப் போடுவீங்களா?"

ஸ்டாண்டே சிரித்தது. தினேஸும் சிரித்தான். நல்லவேளையாக ஒரு வெள்ளைக்காரத் தம்பதி பழைய ரயில் பாலத்தைப் பார்க்கப் போக வேண்டுமென்று வந்து நின்றார்கள். முறை யாருடையது என்றுகூடப் பார்க்காமல் கந்தப்பன் பெருந்தன்மையாகக் கையைக் காட்டினார், "மாப்பிள்ள போகட்டும்." பாலம் வரும்வரை ஜனகனுக்குக் காது இரண்டும் எரிந்துகொண்டே இருந்தன.

கந்தப்பனுக்குத் தெரியாத ஒன்றும் அதில் இருந்தது. அந்த வீசாவில் கூடப் போகிறவர் அங்கே வேலை செய்யக் கூடாது. வந்திருந்த கடிதத்தில் நிரோஜாவின் பெயருக்குக் கீழே அவனுடைய பெயரும், அதன் பக்கத்தில் ஒரு ஆங்கிலச் சொல்லும் இருந்தன. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று போனில் தேடிப் பார்த்தான். 'பிறரை அண்டி வாழ்பவர்' என்று காட்டியது. போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அதை அவன் தினேஸிடம்கூடச் சொல்லவில்லை.

நிரோஜா கொஸ்லந்தயில் பிறந்தவள். பதுளையில் கம்ப்யூட்டர் படித்தாள். இரண்டு பேரும் விரும்பித்தான் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவளுக்கு ஒரு அவுஸ்திரேலியக் கம்பெனியில் வேலை. ஆஸ்பத்திரிகளில் டொக்டரைப் பார்க்க நேரம் குறித்துக்கொள்ளும் போன் செயலி ஒன்றை அவர்கள் நடத்தினார்கள். அதில் எதையாவது புதிதாகச் சேர்த்தால், வெளியே விடுவதற்கு முன்னால் அதைப் போட்டு உடைத்துப் பார்ப்பது நிரோஜாவின் பொறுப்பு. பிழையான திகதியைப் போடுவாள், பாதியில் நிறுத்துவாள், ஒரே பொத்தானைத் தொடர்ந்து அமுக்குவாள். வலியிலும் அவசரத்திலும் இருக்கும் ஒரு நோயாளி என்னவெல்லாம் செய்வானோ அத்தனையும் செய்து, எங்கே நொறுங்குகிறது என்று எழுதி அனுப்புவாள். அவள் எங்கே உட்கார்ந்து இதைச் செய்கிறாள் என்பதைப் பற்றி அந்தக் கம்பெனிக்குக் கவலையில்லை.

கவலையெல்லாம் அவளுக்குத்தான். தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டில், ஜனகனின் அப்பா அம்மாவோடு அவர்கள் இருந்தார்கள். அங்கே மழை இருட்டினாலே டவர் செத்துவிடும். கம்பி வழியாக இணைப்பு எடுக்கலாம் என்றால், தேயிலைக்குள் கம்பம் நட முடியாது என்று தோட்டத்து ஆபீஸில் கையை விரித்துவிட்டார்கள். அதனால் கணினி வழியாகக் கம்பெனிக் கூட்டம் இருக்கும் நாட்களில் ஜனகன் அவளை ஆட்டோவில் ஏற்றி எல்லவுக்குக் கொண்டுவந்து ஒரு கஃபேயில் விடுவான். கண்ணாடி ஓரமாக அங்கே ஒரு நீள மேசை உண்டு. ஊர் ஊராகப் போய்த் தங்கி, தங்கிய இடத்திலேயே தங்கள் நாட்டு வேலையைச் செய்யும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் வரிசையாக அதில் மடிக்கணினியை விரித்திருப்பார்கள். நிரோஜா ஒரு மூலையில் உட்காருவாள். ஒரு கோப்பி வாங்குவாள், நேரம் நீண்டால் இன்னொன்று வாங்குவாள்.

ஒருநாள் புது மேனேஜர் வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றான். அவள் அப்போது கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தாள். அந்த மேசை வெளிநாட்டு விருந்தினருக்கு மட்டும்தான் என்று சொல்லி, கீழே போய் உட்காரச் சொன்னான். கீழே சமையல் புகையும் சத்தமும்தான். நான் காசு கொடுக்கவில்லையா என்று நிரோஜா சிங்களத்தில் கேட்டாள். "காசு இல்ல பிரச்சினை, நங்கி," என்று தங்கச்சி முறை வைத்து அவன் மரியாதையாகவே சொன்னான். என்ன பிரச்சினை என்பதை மட்டும் சொல்லவில்லை.

வெளியே ஆட்டோவில் இருந்த ஜனகன் பார்த்தது இதுதான்: மனைவி விரித்த கணினியை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, காதில் மாட்டியதைக் கழற்றாமல், இங்கிலீஷில் பேசியபடியே படியிறங்கி வருகிறாள். ரோட்டோர மதகுச் சுவரில் உட்கார்ந்து, பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போக, பேச்சு முடியும்வரை பேசினாள். கணினியை மூடினாள். அழுவாளோ என்று அவன் பயந்தான். அவள் அழுகிற ஆளில்லை.

"அவங்க அவங்க ஊர் வேலைய நம்ம ஊருல வந்து செய்றாங்க. நானும் அதே மாதிரி வேலைதான் செய்றேன். அவங்களுக்கு மேசை, எனக்கு மதகு!" ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். "இருக்கட்டும். நானும் இன்னொருத்தன் ஊருல போயி மேசை போட்டு உக்காருறேன்."

கோபத்தில் சொல்கிறாள், வீடு போவதற்குள் ஆறிவிடும் என்றுதான் ஜனகன் நினைத்தான். அவள் அன்றைக்கே எந்தெந்த நாட்டில் இப்படி வீசா கொடுக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்துவிட்டாள். "நீங்களும் வாறீங்கதானே?" என்று கேட்டபோது அவன் யோசிக்காமல் தலையாட்டினான். அது நடக்கும் என்று அப்போது அவன் நம்பவில்லை.

இப்போது நடந்துவிட்டது.

ஜனகனின் அப்பா ஜெயராசா நெடுங்காலம் தோட்டத் தலைவராக இருந்தவர். சம்பளப் போராட்டம் என்றால் சங்கத்துக் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்பவர். துரையின் பங்களாவுக்கே போய்ச் சத்தம் போட்டவர் என்று இன்றைக்கும் சொல்வார்கள். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். வீசா விஷயத்தைக் கேட்டதும் அவர் முதலில் மருமகளிடம்தான் ஆரம்பித்தார்.

"ஏம்மா, டவர் இல்லன்னா பண்டாரவளையில ஒரு ரூம் எடுத்துக்கிட்டா என்னா? அதுக்கு மலேசியாவுக்கா போகணும்?"

"எடுக்கலாம் மாமா. கொழும்புலயும் எடுக்கலாம். எனக்குப் போகணும்னு இருக்கு."

"என்னா கஷ்டம் வந்துச்சு இப்ப? சோத்துக்கு இல்லையா?"

"கஷ்டத்துக்கு மட்டுந்தான் நம்ம ஆளுங்க ப்ளேன் ஏறணுமா மாமா? ஆசைக்கு ஏறக்கூடாதா?"

ஜெயராசாவிடம் அப்படி யாரும் திருப்பிக் கேட்டதில்லை. அவர் மகன் பக்கம் திரும்பினார்.

"சரி, அவ போகட்டும். படிச்ச புள்ள, வேலை இருக்கு, போகுது. நீ எதுக்குடா? அங்க ஒனக்கு என்னா வேலை?"

"வேலை செய்ய முடியாதுப்பா. அந்த வீசாவுல அப்படித்தான்."

"அப்ப பொண்டாட்டி சம்பாதிப்பா, நீ குந்தித் திம்பியா?" அவர் குரல் அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும். அவருக்கு எப்போதுமே கூட்டத்தில் பேசும் குரல்தான். "இந்தத் தோட்டத்துல இருந்து ஆம்பளப் புள்ளைங்க கொழும்புல கடைக்குப் போயிருக்கானுங்க. கட்டடத்துக்குப் போயிருக்கானுங்க. பொண்டாட்டி முந்தானையப் புடிச்சிக்கிட்டு எவனும் போகல்ல. நாளைக்கு நாலு பேரு கேட்டா நான் என்னான்னு சொல்றது?"

ஜனகனின் அம்மா அன்னலட்சுமி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அவள் அதிகம் பேசமாட்டாள். ஜனகன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள், அவனுக்கு மீசை அரும்பும் வயதில்தான் திரும்பி வந்தாள். வந்த மறுவாரமே கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். குவைத்தைப் பற்றி யார் கேட்டாலும், "வெயிலு ஜாஸ்தி," என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

கந்தப்பனும் அப்பாவும் சொன்னதெல்லாம் ஜனகனுக்குள் இறங்கி வேலை செய்ய ஆரம்பித்தன. பயணப் பை வாங்க நிரோஜாவை ஏற்றிக்கொண்டு பண்டாரவளைக்குப் போகும் வழியில், முகத்தைத் திருப்பாமல், ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"நீ முன்னுக்குப் போ நிரோ. நான் கொஞ்சம் கழிச்சு வாறேன்."

"ஆட்டோவ நிப்பாட்டுங்க."

நிறுத்தினான். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளத்தில் மூடுபனி.

"யாருக்குப் பயந்து இப்படிச் சொல்றீங்க?"

"பயம் இல்ல. நீ காலையில எந்திரிச்சு வேலையில உக்காந்துருவ. நான் எங்க போறது? யாரத் தெரியும் எனக்கு? இங்கன்னா ஸ்டாண்டுக்குப் போறேன், நாலு பேரு பேரு சொல்லிக் கூப்புடுறாங்க. அங்க நான் யாரு?"

அது உண்மை என்று நிரோஜாவுக்கும் தெரிந்தது.

"அது எனக்கும் தெரியல," என்றாள். "ஒண்ணு மட்டும் சொல்றேன், கேட்டுக்கங்க. நீங்க வந்தாலும் போவேன், வராட்டியும் போவேன். எனக்காக நீங்க வர வேணாம். ஒங்களுக்காக நான் நிக்கவும் மாட்டேன். வந்தா எனக்குச் சந்தோசம். அவ்வளவுதான்."

பையை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். கெஞ்சுவாள் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். கெஞ்சியிருந்தால் பிடிவாதம் பிடித்து நின்றிருப்பான், அதுவும் ஒரு மரியாதையாக இருந்திருக்கும். அவள் அதற்கும் இடம் கொடுக்கவில்லை. தான் போகவில்லை என்று அன்றைக்குப் பின்னேரமே அப்பாவிடம் சொல்லிவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெயராசா கோழி வாங்கி வந்தார். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மகன் தட்டில் அவரே ஒரு துண்டை எடுத்துப் போட்டார். மனசு நிறைந்து பேசினார்.

"இப்பத்தான் நீ என் மகன். பொம்பளைங்க வெளிநாடு போறது புதுசா என்னா? காலங்காலமாப் போறாங்க. ஆம்பள இங்க இருந்து வீட்டப் பாத்துக்குவான். நான் இருக்கலையா? ஒங்கம்மா போனப்ப நான் இருந்து எல்லாம் பாத்துக்கலையா?"

அன்னலட்சுமி கறிக் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள்.

"என்னைய அனுப்பி வைக்க யாரு வந்தாங்கன்னு ஞாபகம் இருக்கா ஒங்களுக்கு?" என்று கேட்டாள்.

ஜெயராசா விளங்காமல் பார்த்தார்.

"ஏஜென்ட்டோட வேனு வந்துச்சு. அதுல முன்னப்பின்ன தெரியாத பொம்பளைங்க. எயார்போட் வரைக்கும் வாங்கன்னு கேட்டேன். சங்கத்துக் கூட்டம்னு சொன்னீங்க. இந்தா, இவன் வேன் கதவப் புடிச்சிக்கிட்டு விட மாட்டேன்னுட்டான். அவன் வெரல நாந்தான் ஒண்ணொண்ணாப் பிரிச்சு விட்டேன்."

"அது இப்ப எதுக்கு?"

"நீங்க இருந்து பாத்துக்கிட்டதச் சொன்னீங்களே, அதுக்குத்தான்." குரல் உயரவில்லை. கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளையிடம் பேசுவது போலத்தான் பேசினாள். "அந்த வீட்டுல எனக்கு மாடிப்படிக்குக் கீழ படுக்கை. கதவு கெடையாது. படியில யாரு எறங்கி வந்தாலும் எந்திரிச்சு உக்காந்துக்குவேன். பக்கத்துல நம்ம ஆளு ஒருத்தரு இருந்தாப் போதும்னு இருக்கும். அவரு சம்பாதிக்க வேணாம். எனக்கு ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா அங்க இருந்தாப் போதும். அத்தன வருசத்துல நான் வேற ஒண்ணும் கேக்கல சாமிகிட்ட."

நிரோஜா மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்னலட்சுமி மகனைப் பார்த்தாள்.

"நீ போறதும் நிக்கிறதும் ஒன் இஷ்டம்டா. பிடிக்கலன்னா நில்லு. அந்தப் புள்ளையும் ஒன்னக் கட்டி இழுக்கல. ஆனா அப்பாவுக்கு நாலு பேரு முன்னாடி வெக்கமா இருக்கும்னு நிக்காத. நான் போனப்ப அந்த நாலு பேரும் வரல்ல."

"சோத்துல உக்காந்து பேசுற பேச்சா இது?" ஜெயராசா தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு வெளியே போனார். அவர் போன பிறகு அன்னலட்சுமி தன் தட்டில் சோற்றைப் போட்டு, கறியை ஊற்றி, நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள்.

வேன் கதவு ஜனகனுக்கு ஞாபகம் இருந்தது. விரலைப் பிரித்தது யார் என்பதை மட்டும் அவன் இத்தனை காலமும் மறந்துபோயிருந்தான். கையைக் கழுவிக்கொண்டு குசினிக்குள் போனான். நிரோஜா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பையில என் உடுப்புக்கும் எடம் இருக்கா?"

"இன்னொரு பை வாங்கணும்," என்றாள் அவள். பிறகு அவன் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

மறுநாள் ஸ்டாண்டுக்குப் போனபோது கந்தப்பன் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். "என்னா மாப்பிள்ள, சோறாக்கப் பழகியாச்சா?"

"பழகிக்கிட்டு இருக்கேண்ணே. சோறு சரியா வருது, பருப்புதான் இன்னும் தீயுது." ஜனகன் ஆட்டோவை விட்டு இறங்கி அவர் முன்னால் வந்து நின்றான். "வேற என்னா கேக்கணும்? எல்லாத்தையும் இன்னைக்கே கேட்டுருங்க. அவ சம்பாதிப்பா, நான் கூட இருப்பேன். துணி துவைப்பேன், கடைக்குப் போவேன், வேலை இல்லாட்டி சும்மா உக்காந்திருப்பேன். எனக்கு அதுல வெக்கம் இல்ல. ஒங்களுக்கு வெக்கமா இருந்தா நீங்க வெக்கப்படுங்க."

தினேஸ் சிரிக்கத் தொடங்கி, ஜனகனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். கந்தப்பன் வெற்றிலையை மென்றார். "கோவிச்சுக்காதீங்க தம்பி. பகிடிக்குத்தானே," என்றார். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஜனகன் விற்க வைத்த ஆட்டோவைத் தினேஸே விலைக்கு வாங்கிக்கொண்டான்.

புறப்படும் நாளில் ஜெயராசா வெளியே வரவில்லை. காலில் விழப்போன மகனிடம், "போறவன் போ," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்னலட்சுமி காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். நல்ல சேலை உடுத்தி, கட்டுநாயக்க விமான நிலையம் வரைக்கும் வேனில் அவர்களோடு உட்கார்ந்து வந்தாள். இதற்கு மேல் பயணிகளைத் தவிர யாரும் போகக் கூடாது என்று தடுக்கும் கம்பிவரை வந்து நின்றாள்.

உள்ளே ஒரு மேசையில் அதிகாரி ஒருவர் இரண்டு கடவுச்சீட்டையும் வாங்கிப் புரட்டினார். பதுளை மாவட்டம், தோட்டத்து விலாசம். ஜனகனைப் பார்த்துத்தான் கேட்டார், என்ன வேலைக்குப் போகிறாய் என்று.

"வேலை அவங்களுக்கு சேர்," என்று அவன் சிங்களத்தில் சொன்னான்.

அதிகாரி நிரோஜாவைப் பார்த்தார். "வீட்டு வேலையா? ஏஜென்சி எது? பதிவு செய்திருக்கா?"

"எனக்கு ஏஜென்சி இல்ல. நான் வேலை தேடிப் போகல்ல, வேலையோட போறேன்," என்று நிரோஜா சொல்லி, தன்னுடைய கம்பெனியைப் பற்றி விளக்கினாள். அவர் பாதி கேட்டார். மறுபடியும் ஜனகன் பக்கமே திரும்பினார். "அப்ப நீ?"

பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அவனுக்குக் காது எரியும் என்று நினைத்தான். எரியவில்லை.

"நான் அவங்க கூடப் போறவன். அவங்க வீசாவுலதான் போறேன். சந்தேகம் இருந்தா அவங்ககிட்டக் கேளுங்க சேர். எல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும்."

அதிகாரி கடிதத்தை இன்னொரு தடவை வாசித்தார். பக்கத்து மேசைக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். ஜனகன் அசையாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் நிரோஜாவின் கையில்தான் இரண்டு கடவுச்சீட்டையும் கொடுத்தார்.

கோலாலம்பூரில் பதினோராம் மாடியில் ஒரு சின்ன வீடு. முதல் சில வாரம் ஜனகனுக்குக் கொடுமையாகத்தான் இருந்தது. பேரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. லிஃப்டில் கீழே போவான், ஒரு சுற்றுச் சுற்றுவான், மேலே வருவான். பிறகு மெல்ல மெல்லச் சந்தையில் மீன் விற்கும் பெண்ணுக்கு அவனைத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக் கிழவரோடு மாலையில் கரம் போர்ட் விளையாடத் தொடங்கினான். பருப்பு தீய்வது நின்றது. சில நாள் வெறுப்பு வரும், அதை நிரோஜாவிடம் சொல்வான். அவள் கேட்டுக்கொள்வாள். திரும்பிப் போகலாமா என்று அவள் கேட்டதில்லை, அவனும் கேட்டதில்லை.

அப்பா போனில் பேசுவதில்லை. அம்மா மட்டும் பேசுவாள். ஒருநாள் கூப்பிட்டபோது அவள் குரலில் ஒரு துள்ளல் இருந்தது.

"ஒங்கப்பா இங்க என்னா சொல்லித் திரியுறாரு தெரியுமா? மகன் மலேசியாவுல பெரிய கம்பெனியில மேனேஜரா இருக்கான்னு. கோயில்ல சொல்லியிருக்காரு, கடையில சொல்லியிருக்காரு. முந்தாநாளு காலையில பெரட்டுல பொம்பளைங்க எல்லாம் என்னப் புடிச்சிக்கிட்டாளுங்க. 'ஒங்க மகன் மேனேஜராமே'ன்னு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"மேனேஜரும் இல்ல, கீனேஜரும் இல்ல, மருமகதான் வேலை செய்யுது, எம்மகன் அது கூட இருக்கான், மீன் கொழம்பு நல்லா வைக்கிறான்னு சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். கங்காணி பேரு கூப்புடுறத நிப்பாட்டிட்டு வாயப் பாத்துக்கிட்டு நிக்குது."

ஜனகனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே அறையில் நிரோஜா கூட்டத்தில் இருந்தாள். சத்தம் போடாதீர்கள் என்று கையைக் காட்டினாள். அவன் போனோடு வெளி வராந்தாவுக்குப் போனான்.

"அப்பா என்னா சொன்னாரு?"

"ரெண்டு நாளா என்னோட பேச்சில்ல." அன்னலட்சுமி மூக்கை உறிஞ்சினாள். மலையில் குளிராக இருக்கும். "பேசாட்டிப் போகட்டும். நான் சொன்னத மாத்தப் போறதில்ல. நீ சொல்லு, இன்னைக்கு என்னா மீனு?"